புதுக் காரா, பழைய காரா?

2025ஆம் ஆண்டு தீபாவளிக்கு மறுநாள் என் தங்கை மகன் மனைவி, கைக்குழந்தையோடு கட்கியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். ஹிஞ்சவடியில் வேலை, வாகடில் வாடகை வீடு. பலகாரத் தட்டு காலியாகும் முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"மாமா, கார் வாங்கலாம்னு இருக்கோம். ஜி.எஸ்.டி. குறைஞ்சதுல புது வண்டி விலை இறங்கியிருக்கு. இவ என்னடான்னா பழசே போதும்கிறா. நீங்க ரெண்டும் வாங்கினவர். நீங்களே சொல்லுங்க."

அவன் சொன்னது சரிதான். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்கு மிகாத எஞ்சினும் உள்ள வண்டிகள் இதில் அடங்கும். ஆனால் என் மருமகள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "வாரத்துக்கு ஒருநாள் எடுக்கிற வண்டிக்கு எட்டு லட்சமா மாமா?" என்று கேட்டாள்.

உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அலமாரியில் இருந்து ஒரு தாளும் பேனாவும், அவற்றோடு பழைய கோப்பு ஒன்றும் எடுத்து வந்தேன். அன்று நாங்கள் மூவரும் போட்ட கணக்கையும், அந்தக் கோப்பின் கதையையும் நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். வெளியூரில் வந்து குடியேறியவர்களுக்கு இந்த விஷயத்தில் தனிச் சிக்கல்கள் சில உண்டு. அவற்றையும் சொல்கிறேன்.

அன்று இந்தக் கேள்வியே இல்லை

நான் எழுபதுகளில் திருநெல்வேலியிலிருந்து புனே வந்தவன். அக்காலத்தில் புதுசா, பழசா என்று யாரும் யோசிக்கவில்லை. கிடைப்பதே பெரிது. ஊருக்குள்ளேயே ஆகுர்டியில் பஜாஜ் தொழிற்சாலை இருந்தும் ஒரு சேத்தக் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். கார் என்றால் அம்பாசிடர் அல்லது பியட். காத்திருக்க முடியாதவர்கள் புதுவிலைக்கு மேலேயே கொடுத்து, ஓடிய வண்டியை வாங்கியதும் உண்டு.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 உரிமையாளர் கைக்குப் போனது. அதன் பின் நிலைமை மெல்ல மாறியது. 1998 டிசம்பரில் நம் பிம்பிரியிலேயே உருவான இண்டிகா அறிமுகமானது. தொண்ணூறுகளின் இறுதிக்குள் பணம் இருந்தால் வண்டி உண்டு என்ற காலம் வந்துவிட்டது. தேர்ந்தெடுக்கும் வசதி வந்த பிறகுதான் தேர்ந்தெடுப்பதில் உள்ள சங்கடமும் வந்தது.

நான் 1989இல் ஒரு பழைய பியட் வாங்கினேன். 1996இல் புது மாருதி 800 வாங்கினேன். ஆகையால் இரு தரப்புக்கும் வக்காலத்து வாங்க எனக்குத் தகுதி உண்டு என்று நம்புகிறேன்.

முதலில் கணக்கு

வண்டியின் விலை என்பது நாம் கொடுக்கும் தொகை அல்ல. கொடுத்த தொகைக்கும் பின்னால் விற்கும்போது கிடைக்கும் தொகைக்கும் உள்ள வித்தியாசமே விலை. இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

புது வண்டி கடையை விட்டு இறங்கியதுமே மதிப்பை இழக்கத் தொடங்கும். இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் வண்டியின் மதிப்பைக் கணக்கிடும் அட்டவணையைப் பாருங்கள். ஆறு மாதம் வரை 5 விழுக்காடு கழிப்பார்கள். ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50. சந்தை விலை இதை அப்படியே பின்பற்றாது. வண்டிக்கு வண்டி மாறும். எனினும் இறங்கும் வேகத்தை அறிய இது நல்ல வழிகாட்டி.

அன்று நாங்கள் தாளில் போட்ட கணக்கு இது. தொகைகள் உதாரணத்துக்காக வைத்துக்கொண்ட முழு எண்கள். கையில் 3 லட்சம் ரொக்கம், மீதி வங்கிக் கடன், ஐந்தாண்டு வைத்துக்கொண்டு விற்பது என்று வைத்துக்கொண்டோம்.

புது வண்டி: எல்லாச் செலவும் சேர்த்து 8 லட்சம். ஐந்தாண்டு கழித்து 4 லட்சத்துக்கு விற்றால் தேய்மானம் ஆண்டுக்கு 80,000 ரூபாய். 5 லட்சம் கடனை 9 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 10,380. வட்டி மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 24,500. ஆக ஆண்டுக்கு 1,04,500.

மூன்று வயதான அதே வண்டி: 5.5 லட்சம். ஐந்தாண்டு கழித்து 2.75 லட்சம் கிடைத்தால் தேய்மானம் ஆண்டுக்கு 55,000. பழைய வண்டிக் கடனுக்கு வட்டி பெரும்பாலும் கூடுதல். 13 விழுக்காடு என்று வைத்தால் 2.5 லட்சத்துக்கு வட்டி ஆண்டுக்குச் சுமார் 18,000. இந்த வயதில் டயர், பேட்டரி, கிளட்ச் ஆகியவை ஒவ்வொன்றாக மாற்றும் நிலைக்கு வரும். அதற்கு ஐந்தாண்டில் 60,000 என்று ஒதுக்கினால் ஆண்டுக்கு 12,000. ஆக ஆண்டுக்கு 85,000.

வித்தியாசம் ஆண்டுக்கு 19,500. மாதத்துக்கு 1,625 ரூபாய்.

என் மருமகள் பேனாவை வாங்கி மறுபடியும் கூட்டிப் பார்த்தாள். விலையில் இரண்டரை லட்சம் வித்தியாசம் தெரிந்ததே, அது எங்கே போயிற்று என்று அவளுக்கு வியப்பு. ஐந்தாண்டில் உண்மையாக மிச்சமாவது ஒரு லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. அதுவும் வாங்கிய பழைய வண்டி நல்ல வண்டியாக இருந்தால்! கியர்பாக்ஸோ எஞ்சினோ ஒருமுறை பெரிதாகப் படுத்துவிட்டால் மிச்சம் முழுவதும் கராஜுக்குப் போய்விடும்.

இன்னொன்றும் கவனித்தோம். அவர்கள் ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டுவார்கள் என்றால், பெட்ரோல் சேராமலே கிலோமீட்டருக்குப் புது வண்டியில் சுமார் 17 ரூபாயும் பழையதில் 14 ரூபாயும் ஆகிறது. ஆண்டுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர்தான் ஓடும் என்ற குடும்பத்துக்கு வாடகைக் காரே மலிவு. கார் வாங்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

எலுமிச்சம்பழத்தின் பாடம்

பழைய வண்டி நல்ல வண்டிதானா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? இந்தக் கேள்வியை வைத்தே ஒருவர் நோபல் பரிசு பெற்றிருக்கிறார் என்றால் நம்புவீர்களா?

நாம் புது வண்டியின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். அமெரிக்காவில், தொல்லை கொடுக்கும் வண்டியையே எலுமிச்சம்பழம் என்பார்கள். ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளியல் அறிஞர் 1970இல் எலுமிச்சம்பழச் சந்தை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் பொருளியலுக்கான நோபல் பரிசை மற்ற இருவரோடு பகிர்ந்துகொண்டார்.

அவர் சொன்னதை நம் கணக்கில் சொல்கிறேன். சந்தையில் பத்துப் பழைய வண்டிகள் நிற்கின்றன. ஐந்து நல்லவை, மதிப்பு 5 லட்சம். ஐந்து மோசமானவை, மதிப்பு 3 லட்சம். எது எது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் நடுவாக 4 லட்சம் என்கிறார். நல்ல வண்டிக்காரர், "ஐந்து லட்சம் பெறும் வண்டியை நான்குக்கா கொடுப்பேன்?" என்று வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார். மோசமான வண்டிக்காரர் மகிழ்ச்சியோடு கை கொடுக்கிறார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது எலுமிச்சம்பழங்களே.

இதிலிருந்து நான் கற்றது ஒன்று. பழைய வண்டியில் நமக்கு மிச்சமாகும் பணம், அதன் வரலாறு தெரிந்ததற்குக் கிடைக்கும் கூலி. வரலாறு தெரியாவிட்டால் அந்தக் கூலி கிடைக்காது. ஊரில் என்றால், "அந்த டாக்டர் வண்டி, வாரம் ஒருமுறைதான் எடுப்பார்" என்று டீக்கடையிலேயே தெரிந்துவிடும். இங்கே யார் வண்டி, எங்கே ஓடியது என்று நமக்கு யார் சொல்வார்கள்? நம்மைப் போன்றவர்களுக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

வண்டியே சொல்லும் வரலாறு

நவம்பர் மாத ஞாயிறுகளில் நாங்கள் மூன்று வண்டிகளைப் போய்ப் பார்த்தோம். மூன்றும் மூன்று பாடம் சொல்லின.

முதல் வண்டி பளபளவென்று இருந்தது. விலையும் மலிவு. சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பார்த்தேன். கடைசி முழத்தில் கோடு போட்டாற்போல் சேற்றுக் கறை. தண்ணீரில் மூழ்கிய வண்டி! புனேக்காரர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2019 செப்டம்பர் 25 இரவு ஆம்பில் ஓடை பெருகி, காத்ரஜ், சஹகார் நகர் பக்கம் எத்தனையோ வண்டிகளை அடித்துச் சென்றது. 2024 ஜூலை 25 அன்று சிங்ககட் சாலை ஏகதா நகரி வெள்ளத்தில் நின்றது. 2015 டிசம்பரில் சென்னை பட்ட பாடும் நமக்குத் தெரியும். மூழ்கிய வண்டியைத் துடைத்து விற்கலாம். ஆனால் மின்கம்பிகளுக்குள் புகுந்த ஈரம் மாதங்கள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். பெல்ட்டின் நுனி, தரைவிரிப்பின் அடி, ஸ்டெப்னி வைக்கும் பள்ளம் ஆகிய மூன்று இடங்களையும் பாருங்கள்.

இரண்டாவது வண்டி 18,000 கிலோமீட்டர்தான் ஓடியதாக மீட்டர் காட்டியது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். அந்த வண்டி 2021இல் செய்தது. நான்கு டயர்களும் 2024இல் செய்தவை. 18,000 கிலோமீட்டருக்குள் நான்கு டயரும் தேயுமா? பிரேக் மிதியின் ரப்பரும் வழவழவென்று தேய்ந்திருந்தது. மீட்டர் பொய் சொன்னாலும் மிதி பொய் சொல்லாது. கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் பதிவான ஓட்டக் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டதும் பேச்சு முடிந்துவிட்டது.

மூன்றாவது வண்டி உண்மையிலேயே நன்றாக இருந்தது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பினோம், புகை இல்லை. பழைய காத்ரஜ் மலைப்பாதையில் ஏற்றிப் பார்த்தோம், கிளட்ச் நழுவவில்லை. நம்மவர்கள் ஊருக்குப் போகும் வழியே கம்பாட்கி மலைப்பாதை, சாத்தாரா, கோலாப்பூர், பெலகாவி என்றுதான். ஆகையால் மலை ஏற்றிப் பார்க்காமல் வண்டி வாங்காதீர்கள். கதவு, பானெட் ஆகியவற்றின் போல்ட்டுகளில் பெயின்ட் சுரண்டப்படவில்லை. கண்ணாடிகள் எல்லாம் ஒரே ஆண்டு முத்திரை. எல்லாம் சரி. ஆனால் ஆர்.சி.யில் உள்ள பெயர் விற்பவருடையது அல்ல!

"அது ஒரு பிரச்சினையே இல்லை சார். சொந்தக்காரர் 29, 30 ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டே கொடுத்துவிட்டார். உங்கள் பெயரை எழுதிக்கொள்ளலாம்" என்றார் தரகர்.

மறுபேச்சுப் பேசாமல் நான் எழுந்துவிட்டேன். வெளியே வந்ததும், "நல்ல வண்டியாச்சே மாமா?" என்றான் தங்கை மகன். அன்று மாலைதான் அந்தப் பழைய கோப்பைத் திறந்து காட்டினேன்.

அந்தக் கோப்பின் கதை

2006இல் என் மாருதி 800ஐ ஒரு தரகரிடம் 70,000 ரூபாய்க்கு விற்றேன். படிவம் 29, 30 இரண்டிலும், வாங்குபவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்க, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பணம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். பத்தாண்டு வைத்திருந்த வண்டியாயிற்றே என்று அன்று இரவு வருத்தமாகக்கூட இருந்தது.

2008இல் ஒரு பதிவுத் தபால் வந்தது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து அழைப்பாணை. என் பெயரில் பதிவான வண்டி ஹடப்சர் அருகே ஒரு பால்காரரை மோதித் தள்ளிவிட்டது. இன்ஷூரன்ஸ் காலாவதியாகியிருந்தது. வண்டி இரண்டு கை மாறியிருந்தது. யாரும் பெயர் மாற்றவில்லை. தரகரின் கடை இருந்த இடத்தில் இப்போது செருப்புக் கடை.

மூன்று ஆண்டுகள் சிவாஜிநகர் நீதிமன்றப் படிகளை ஏறி இறங்கினேன். என்னிடம் ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது இருந்தது. ஆனால் அரசாங்கப் பதிவேட்டில் இருந்தது என் பெயர்தான். 2011இல் 1,40,000 ரூபாயும் வட்டியும் கட்டும்படி உத்தரவாயிற்று. மகள் கல்யாணத்துக்கென்று போட்டு வைத்திருந்த வைப்புத் தொகையை உடைத்துக் கட்டினேன். என் மனைவி அன்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

முதலில் எனக்கு அந்தப் பால்காரர் மேலேயே கோபம். வழக்கு நடந்த நாளில் ஒருமுறை தாழ்வாரப் பெஞ்சில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. வலது கால் மடங்கவில்லை. எழுந்திருக்க என் தோளைத்தான் பிடித்துக்கொண்டார். "உங்களை எனக்குத் தெரியாது காகா. வண்டி நம்பரைத்தான் தெரியும்" என்றார் மராட்டியில். அவர் வேறு யாரைத் தேடிப் போவார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே தெளிவாகச் சொன்னது. வண்டி எத்தனை கை மாறினாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். விபத்தில் அடிபட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடிக்கொண்டு அலைய முடியாது என்பதே இதன் அடிப்படை. நான் பணம் கட்டியவன். இருந்தும் அந்தத் தீர்ப்பு நியாயம் என்றே சொல்வேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவை எளிமையாகச் சொல்கிறேன்.

1. விற்பவர் 14 நாட்களுக்குள் படிவம் 29 மூலம் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிமாநில வண்டி என்றால் 45 நாட்கள். வாங்குபவர் படிவம் 30 மூலம் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இப்போது பரிவாகன் இணையதளத்திலேயே தொடங்கலாம்.

2. வண்டி மேல் வங்கிக் கடன் பதிவாகியிருந்தால் அதை நீக்கப் படிவம் 35, வங்கியின் கடிதத்தோடு. கடன் தீர்ந்தது என்ற வாய்ச்சொல் போதாது.

3. வாங்கிய 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாவிட்டாலும் மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு வந்துவிடும். நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு அது பொருந்தாது என்று தீர்ப்பு உண்டு. நோ கிளெய்ம் போனஸ் ஆளுக்கு உரியது, வண்டிக்கு உரியதல்ல. விற்பவர் அதற்கான கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டால் தம் அடுத்த வண்டிக்குப் பயன்படும்.

4. வியாபாரியிடம் விற்பவர்களுக்கு 2023 ஏப்ரல் முதல் ஒரு நல்ல வழி பிறந்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி வியாபாரியிடம் ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால், அதன் பின் பொறுப்பு அந்த வியாபாரியுடையது. எனக்கு 2006இல் இது இல்லாமல் போயிற்று. அங்கீகாரச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள்.

5. எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பதிவு, இன்ஷூரன்ஸ் விவரங்களைச் சரிபாருங்கள். கட்டாத அபராதச் சலான் உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஊரிலிருந்து கார் கொண்டு வரலாமா?

இது நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. கோயம்புத்தூரில் மாமனார் வண்டி சும்மா நிற்கிறது, கொண்டு வந்துவிடலாமே என்பார்கள். வரலாறு தெரிந்த வண்டி என்பதால் எனக்கும் பிடித்த யோசனைதான். ஆனால் செலவு தெரிந்து செய்ய வேண்டும்.

வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மராட்டிய எண்ணுக்கு மாற்ற வேண்டும். அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்றிதழ் பெற வேண்டும். இங்கே வந்து சாலை வரி மறுபடியும் கட்ட வேண்டும். 10 லட்சத்துக்கு உட்பட்ட புதுப் பெட்ரோல் காருக்கு மகாராஷ்டிரத்தில் 11 விழுக்காடு. பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறைத்துக் கணக்கிடுவார்கள். தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துப் பங்கைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வழியுண்டு. இரண்டு வரியையும் கழித்துக் கூட்டிப் பார்த்த பிறகே சாவியை வாங்குங்கள்.

அடிக்கடி மாநிலம் மாறும் பணியில் இருப்பவர்களுக்கு 2021 செப்டம்பரில் வந்த பி.எச். வரிசை எண் உதவும். ராணுவத்தினர், மத்திய அரசு மற்றும் பொதுத்துறை ஊழியர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர் ஆகியோர் பெறலாம். வரியை இரண்டிரண்டு ஆண்டாகக் கட்டலாம். கட்கி, தேகு ரோடு பக்கம் உள்ள நம் குடும்பங்கள் பலருக்கு இது பொருந்தும்.

எந்த வயதுப் பழைய வண்டி?

விலை மலிவென்று மிகப் பழையதற்குப் போக வேண்டாம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவின் ஐந்து சிறு கார்களை மோதிச் சோதித்தது. காற்றுப்பை இல்லாத அந்த ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரமே கிடைத்தது. நம் சாக்கனில் தயாரான போலோவும் அதில் ஒன்று. அதே வண்டி காற்றுப்பைகளோடு சோதிக்கப்பட்டபோது நான்கு நட்சத்திரம் பெற்றது.

2019 ஏப்ரல் முதல் எல்லாக் கார்களிலும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்குக் காற்றுப்பை. 2021 முடிவிலிருந்து முன்னிருக்கைப் பயணிக்கும் கட்டாயம். ஆகையால் 2022க்குப் பின் தயாரான வண்டியைத் தேடுங்கள் என்பதே குழந்தை உள்ள குடும்பங்களுக்கு என் யோசனை. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது பரவலாகிவிட்டதால், அதற்கேற்ற பாகங்களோடு 2023 ஏப்ரலுக்குப் பின் வந்தவை இன்னும் மேல்.

முடிவு எப்படி அமைந்தது?

மூன்று வண்டிகளும் தவறிய பிறகு, "புதுசே வாங்கிடலாம் மாமா, மாசம் 1,625 ரூபா நிம்மதிக்குக் கொடுத்ததா இருக்கட்டும்" என்றாள் என் மருமகள். பழையது வேண்டும் என்று தொடங்கியவள் அவள்தான்! வரலாறு தெரிந்த வண்டி கிடைக்காதபோது அது சரியான முடிவே. நானும் தலையாட்டினேன்.

டிசம்பரில் எங்கள் மாடியில் குடியிருக்கும் மராட்டியப் பெரியவர் கதவைத் தட்டினார். கண் பார்வை மங்கியதால் இனி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். 2022இல் வாங்கிய வண்டி, 21,000 கிலோமீட்டர். அதைப் புதிதாகக் கொண்டு வந்த நாளில் நானே தேங்காய் உடைத்திருக்கிறேன். ஒவ்வொரு சர்வீஸ் ரசீதும் தேதி வரிசையில் கோப்பில் இருந்தது. பெட்ரோல் போட்ட நாள்கூட எழுதி வைத்திருந்தார்.

விலை 5,40,000 என்று முடிந்தது. அவர் சாவியை உடனே நீட்டினார். "காகா, முதலில் காகிதம்" என்றேன். படிவம் 29இலும் 30இலும் வாங்குபவர் பெயரை முழுதாக எழுதிய பிறகே அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். வண்டி கைமாறிய தேதியையும் மணியையும் எழுதி இருவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டார்கள். இன்ஷூரன்ஸ் மாற்றத்துக்கு அன்றே விண்ணப்பித்தார்கள். ஜனவரியில் புது ஆர்.சி. வந்ததும் தங்கை மகன் அதன் நகல் ஒன்றை மேல்மாடியில் கொண்டு போய்க் கொடுத்தான். வாங்கியவருக்குத் தேவையோ இல்லையோ, விற்றவருக்கு அந்த நகல் அவசியம்.

சுருக்கமாக

புது வண்டி யாருக்கு? நாள்தோறும் ஓட்டுபவர்களுக்கு, எட்டுப் பத்து ஆண்டு வைத்துக்கொள்பவர்களுக்கு, வண்டியின் வரலாற்றை விசாரிக்க நேரமோ ஆளோ இல்லாதவர்களுக்கு.

பழைய வண்டி யாருக்கு? அளவாக ஓட்டுபவர்களுக்கு, ஓட்டக் கற்றுக்கொள்பவர்களுக்கு, சில ஆண்டுகளில் வேறு ஊர் போக வாய்ப்புள்ளவர்களுக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, யார் கையில் இருந்த வண்டி என்று தெரிந்தவர்களுக்கு.

எதை வாங்கினாலும், எதை விற்றாலும், பெயர் மாறும் வரை வியாபாரம் முடியவில்லை என்று நினைவில் வையுங்கள். காலியான படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நம் சங்கத்தில் இடமாற்றமாகி ஊர் திரும்பும் குடும்பங்கள் ஆண்டுதோறும் உண்டு; புதிதாக வந்து இறங்கும் குடும்பங்களும் உண்டு. வண்டியை விற்க நினைப்பவர்கள் தரகரிடம் போகும் முன் சங்கக் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? ஊர் டீக்கடை செய்த வேலையை இங்கே நாமே ஒருவருக்கொருவர் செய்துகொள்ளலாம். வண்டியைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்.